காலக் குறியீடும் கடப்பாடும்

காலம் என்றால் என்ன என்னும் வினா மெய்யியலாளரைத் தொன்றுதொட்டு மலைக்கச் செய்து வந்துள்ளது. ஆனால், காலத்தை எவ்வாறு எழுதுவது என்பதை ஒரு மெய்யியல் வினாவாகக் கருதுவோர் அரியர். அது அன்று எழுதுவினைஞர்க்கும், இன்று இணையச் செயலிகளை ஆக்கும் மென்பொருளாளர்க்கும் உரிய சிறு கருமம் என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? திகதியைக் குறிக்கும் முறை வெறும் வழக்கே எனின், அதில் நீதி, அநீதி என்னும் பேச்சுக்கு இடமுண்டா?

வழக்கு உடன்பாட்டின்பாற்பட்டது. வீதியில் இடப்புறம் செல்வதா, வலப்புறம் செல்வதா என்பதில் இயல்பான சரி பிழை இல்லை. எல்லோரும் ஒன்றையே கைக்கொள்வதுதான் முக்கியம். டேவிட் லூயிஸ் 1969இல் வெளியிட்ட நூலில் வழக்கின் இத்தன்மையை விரிவாக ஆராய்ந்தார். 04/05/2024 என்பதைப் பிரித்தானிய வழக்கினர் மே மாதம் 4ஆம் நாள் எனப் படிப்பர். அமெரிக்கர் ஏப்ரல் மாதம் 5ஆம் நாள் எனப் படிப்பர். தத்தம் நாட்டில் இரண்டும் குறையற்றவை. இரண்டும் ஒரே திரையிற் சந்திக்கும்போதே இடர் பிறக்கின்றது. இதனை நீக்கவே ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கை வகுத்து ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம் 1988இல் வெளியிடப்பட்டது.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது எனக் கொள்வார் உளர். அவர்கள் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். கணம் வேறு, நாள் வேறு. ஒரு கடிதம் அனுப்பப்பட்ட வேளை ஒரு கணம். அது உலகெங்கும் ஒன்றே. கணினி முறைமைகள் பல, 1970 ஜனவரி 1ஆம் நாள் உலகப் பொது நேர நள்ளிரவு முதலாக எண்ணி அக்கணத்தைக் குறிக்கின்றன. ஆனால், ஒருவரின் பிறந்த திகதி கணமன்று; அவர் பிறந்த இடத்து நாட்காட்டி அந்நாளுக்கு இட்ட பெயர். நாளைக் கணமாக எண்ணி மயங்கும்போது வழு நேர்கின்றது. 2007 ஜனவரி 1ஆம் நாள் பிறந்த இலங்கை மாணவர் ஒருவர் தம் பிறந்த திகதியை ஒரு படிவத்தில் இடுகின்றார் எனக் கொள்வோம். செயலி அதனைக் கொழும்பு நேர நள்ளிரவாகக் கொண்டு உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணித்தியாலம் கழிந்து, 2006 டிசெம்பர் 31, மாலை 6.30 ஆகும். திகதியை மட்டும் வெட்டியெடுத்துச் சேமித்தால் நாளும் மாதமும் ஆண்டும் ஒருங்கே பிழைக்கும். வயதெல்லையை ஆண்டு கொண்டு கணிக்கும் இடத்தில் அவர் தகுதியையே இழக்கலாம்.

இது தொழில்நுட்பத் தவறேயன்றி அறத்தவறன்று எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. இங்கே தீய நோக்கம் எதுவுமில்லை. எனினும், அதே செயலியை நியூயோர்க்கில் இருந்து ஆக்கியவர் தம் கணினியிற் சோதித்தால் வழு தோன்றாது. அங்கு உள்ளூர் நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் அதே நாளின் விடியற்பொழுதாகும். மாறாக, சேமித்த திகதியை உலகப் பொது நேர நள்ளிரவாகப் படித்து உள்ளூர் நேரத்திற் காட்டும் செயலி கொழும்பிற் சரியாக இயங்கி, நியூயோர்க்கில் முதல் நாளைக் காட்டும். ஆக, ஒவ்வொருவரும் தமக்கு நேராத வழுவையே பிறர்க்கு இழைக்கின்றனர். ஜோன் றோல்ஸ் 1971இல் முன்வைத்த அறியாமைத் திரை என்னும் கருத்து இவ்விடத்து நோக்கற்பாலது. தாம் எந்த நெட்டாங்கில் வாழப்போகின்றோம் என்பதை அறியாதவர் எவ்விதியை ஏற்பாரோ, அவ்விதியே நீதியான விதி எனலாம்.

இவ்வினாவின் இன்னொரு முகத்தை இலங்கை வரலாறே காட்டுகின்றது. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டது; அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டது; 2006 ஏப்ரலிற் பழைய நிலை மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. ஒரே தீவில் இரு கடிகாரங்கள் இயங்கின. இன்று உலகின் கணினிகள் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு உரியது ஆசியா/கொழும்பு என்னும் ஒரே பதிவு. 2003இற் கிளிநொச்சியில் ஒருவர் தம் கடிகாரம் பார்த்துக் குறித்த நேரத்தை அப்பதிவு கொண்டு கணித்தால் அரை மணித்தியாலம் பிழைக்கும். தரவுத்தளத்தைப் பேணுவோரைக் குறைகூறுவதற்கில்லை. எவ்வட்டவணையும் எங்கேனும் சுருக்கியே ஆகவேண்டும். ஆயினும், அட்டவணையில் இடம்பெறாத கடிகாரத்தின்படியும் மக்கள் உண்டனர், உறங்கினர், பிறந்தனர், இறந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என வகுத்தார். நிலத்தினின்றும் பிரித்த பொழுது முழுமை பெறாது என்னும் உணர்வு அவ்வகுப்பில் உண்டு. இன்றைய மென்பொருளாளர்க்கும் அது பொருந்தும். கணத்தைக் கணமாகவும், நாளை நாளாகவும் சேமித்தல். வேளையோடு இடத்தையும் குறித்தல். காட்டும்போது மாதத்தை எழுத்தால் எழுதி மயக்கம் நீக்கல். இவை எளிய கருமங்களே. குறியீடு எதுவாயினும் ஆகுக. அதனைத் தேர்வதில் மனிதர்க்கு உரிமை உண்டு. அக்குறியீட்டால் இன்னொருவரின் நாள் அவரறியாமலே மாறிவிடாது காத்தல் அவ்வுரிமையோடு வரும் கடமையாகும்.