அந்தத் துண்டை யார் வைப்பது?



உதவி செய்வது நல்லது என்பதில் எமக்குள் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வீட்டிலும் பாடசாலையிலும் சிறு வயதிலிருந்தே எமக்குச் சொல்லித்தரப்பட்டது அதுதான். ஆனால் கேட்காமலே செய்யப்படும் உதவி எப்போதும் உதவிதானா என்று கேட்டால், பதில் அவ்வளவு இலேசில் வருவதில்லை. இதைப் பெரிய விடயங்களை வைத்து ஆராய்வதை விட, குளிர்காலம் வந்ததும் டோர்வலிலும் அயலிலும் எமது வீடுகள் சிலவற்றில் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பொருளை வைத்து ஆராயலாம் என்று நினைக்கிறேன். நான் சொல்வது ஜிக்சோ பசிலை.

இதற்கு கியூபெக்கில் 'காஸ்-தெத்' என்று பெயர். மண்டையை உடைப்பது என்று பொருள். "மண்டையைப் போட்டு உடைக்காதே" என்று நாமும் சொல்லுகிறோம் அல்லவா? பிரெஞ்சு வகுப்பில் நாம் பட்ட பாட்டுக்கு, இந்த ஒரு சொல்லாவது சொந்த ஊர்ச் சொல் போல வந்து வாய்த்தது.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்ததாகவோ, கோடையில் அயலவர் வீட்டு வாசலில் நடக்கும் பழைய பொருள் விற்பனையில் ஒரு டொலருக்கு வாங்கியதாகவோ இந்தப் பெட்டிகள் எமது வீடுகளுக்குள் வந்தன. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். பெட்டிகள் அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தன. பிறகு ஊரிலிருந்து வந்த அம்மம்மாவோ அப்பப்பாவோ ஒரு நாள் அதைத் திறந்தார்கள். டிசம்பரில் இங்கே நான்கு மணி கடந்த கையோடு சூரியன் மறைந்துவிடுகிறது. நடைபாதையில் ஐஸ். முழங்காலில் நோ. யன்னலுக்கு வெளியே வெள்ளை நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் விட்டுப்போன பசிலை எடுத்து அவர்கள் அடுக்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய தாயார் ஐந்நூறு துண்டுப் பசில் ஒன்றை மூன்று கிழமையாக அடுக்கிக்கொண்டிருந்தார். துறைமுகம் ஒன்றின் படம். மகன் விமான நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து, தேநீர்க் கோப்பையோடு மேசையருகில் நின்றார். ஒரு படகின் பாய்மரத்துக்குரிய துண்டு அவர் கண்ணில் பட்டது. "அம்மா, இது இங்கை வரும்" என்று எடுத்து வைத்தார். சரியாகவே பொருந்தியது. தொடர்ந்து இன்னும் நாலைந்து துண்டுகளையும் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு நித்திரைக்குப் போனார். தாயார் கொஞ்ச நேரம் அந்தப் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளிடம், "அதை நான் ரெண்டு நாளாத் தேடிக்கொண்டிருந்தனான், பிள்ளை" என்றார். அன்றைக்கு அவர் திரும்ப மேசைக்கு வரவில்லை.

இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாயாருடைய நாள் எப்படிப் போகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும். வங்கிக்குப் போனால் மகன் கதைப்பார். வைத்தியரிடம் போனால் தன் நோவைத் தானே சொல்ல முடியாது, பேத்தி மொழிபெயர்ப்பாள். கடிதம் வந்தால் மருமகள் வாசிப்பார். ஊரில் ஒரு குடும்பத்தையும் காணியையும் கட்டி ஆண்ட மனுசி, இங்கே கதவுமணி அடித்தால் கூட மற்றவர் வரும் வரை நிற்கிறார். இவை எல்லாம் உதவிகள்தான், தவிர்க்க முடியாதவைதான். ஆனால் மொழி தேவைப்படாத, ஒருவருடைய துணையும் தேவைப்படாத ஒரே வேலையாக அவருக்கு எஞ்சியிருந்தது அந்த மேசை. அங்கும் ஒரு கை வந்துவிட்டது.

உதவியில் இரண்டு வகை உண்டு என்பது என் எண்ணம். வாசலில் குவிந்த பனியை அள்ளும்போது எமக்கு வேண்டியது துப்புரவான பாதை. யார் அள்ளினாலும் பாதை பாதைதான். அயலவர் வந்து அள்ளித் தந்தால் நன்றி சொல்லுவோம். பசிலில் அப்படியல்ல. படம்தான் வேண்டும் என்றால் அது ஏற்கனவே பெட்டியின் மூடியில் முழுதாக இருக்கிறது! துண்டு துண்டாக வெட்டியதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால், வாங்குவது படத்தை அல்ல, தேடலை. அந்தத் தேடலை இன்னொருவர் முடித்துக் கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்?

இந்த விளையாட்டின் வரலாறும் இதையே சொல்லுகிறது. 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்கர், தேசப்படங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகள் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் புவியியல் படிப்பதற்கு அது உதவியது. படத்தைச் சுவரில் மாட்டிக் காட்டுவதை விட, ஒவ்வொரு நாட்டையும் பிள்ளையே தன் கையால் எடுத்து வைத்தால் மனதில் நிற்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். பின்னர் 1908, 1909 ஆண்டுகளில் அமெரிக்காவில் பெரியவர்களிடையே இது ஒரு பித்தாகவே பரவியது. பார்க்கர் பிரதர்ஸ் கம்பனி தன் மற்ற விளையாட்டுகளை நிறுத்திவிட்டு, 1909 இல் தொழிற்சாலை முழுவதையும் பசிலுக்கே ஒதுக்கியது. அக்காலத்துப் பெட்டிகளில் வழிகாட்டும் படம் கிடையாது. என்ன படம் என்று தெரியாமலே அடுக்க வேண்டும். 1930களில் நியூயோர்க்கில் தொடங்கிய பார் என்ற நிறுவனமோ, வேண்டுமென்றே திசை திருப்பும் தலைப்புகளைக் கொடுத்து, படம் இல்லாத பெட்டியில் உயர்ந்த விலைக்கு விற்றது. யோசித்துப் பாருங்கள், உதவி கிடைக்காமல் இருப்பதற்காக மனிதர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

எமது நகரமும் இந்த வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறது. போல் கலான் என்பவர் மொன்றியலில் தொடங்கிய ரெபிட் நிறுவனம், தட்டையாக இல்லாமல் எழுந்து நிற்கும் முப்பரிமாணப் பசில்களை 1990களில் உலகமெங்கும் அனுப்பியது. கோட்டைகளையும் கோபுரங்களையும் நுரைத் தகடுகளால் கட்டலாம். பின்னர் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அதை வாங்கி இங்கத்தைய உற்பத்தியை நிறுத்தியது. சில வருடங்களில் மொன்றியலிலேயே அது மறுபடி தொடங்கியது. அந்தக் கோட்டைகளை வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் என்ன நடந்தது என்பது அப்பாமாருக்குத் தெரியும். பிள்ளை சுவர் வரைக்கும் கட்டுவான். அவன் நித்திரையான பிறகு அப்பா கோபுரம் வரைக்கும் கட்டி முடிப்பார். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குப் போகும் எரிமலைகளும் இதே மாதிரித்தான் கட்டப்படுகின்றன. பார்க்கும் ஆசிரியருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படியானால் சேர்ந்து விளையாடவே கூடாதா? நிச்சயமாகக் கூடும். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் கரைத் துண்டுகளைப் பொறுக்க, ஒருவர் வானத்தைப் பார்க்க, இடையில் ஊர்க்கதையும் போக, அது தனிச் சுகம். அங்கே ஆரம்பத்திலிருந்தே பசில் நாலு பேருக்கும் சொந்தம். ஒருவர் தனியாகத் தொடங்கியதில் மற்றவர் இறங்குவதுதான் வேறு. கதிரையை இழுத்துப்போட்டு, "நானும் இருக்கட்டோ?" என்று கேட்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

இதை விடச் சிக்கலான ஒன்று உண்டு. வைத்துக் கொடுக்காமல், வேண்டிய துண்டை அவருடைய கைக்குக் கிட்ட, சரியான பக்கம் திருப்பி, அவர் பாராத நேரத்தில் நகர்த்தி வைப்பது. அவர் தானே கண்டுபிடித்ததாக நினைத்து மகிழ்வார். இது அன்பா, ஏமாற்றா? நினைவு மங்கிவரும் முதியவருக்கு இப்படிச் செய்வதில் நான் குறை காணமாட்டேன். அவரால் தேட முடியாது. கண்டெடுக்கும் சந்தோசத்தையாவது கொடுக்கிறோம். ஆனால் நல்ல நினைவோடும் நிதானத்தோடும் இருப்பவருக்கு இதே வேலையைச் செய்தால், "உன்னால் இது ஏலாது" என்று அவர் காதுக்குக் கேட்காமல் சொல்லுகிறோம் என்றுதான் பொருள். நேரே வைத்துவிட்டுப் போன அந்த மகன் இதை விட மேல் என்பேன். அவராவது வெளிப்படையாகச் செய்தார்.

மூளைக்கு நல்லது என்று மருந்து கொடுப்பது போல இதைப் பெற்றோரிடம் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஊல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் நூறு பேரில் ஒரு பகுதியினர் முப்பது நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது பசில் அடுக்கினார்கள். அடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது சொல்லத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. நெடுங்காலமாக அடுக்கி வந்தவர்களிடம் மட்டும் பல திறன்கள் கூடுதலாக இருந்தன. அது பசிலால் வந்ததா, அல்லது அத்தகைய திறன் உள்ளவர்கள் பசிலை விரும்புகிறார்களா என்பதை அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஆகவே விருப்பம் இருந்தால் அடுக்கட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

உண்மையில் உதவ விரும்பும் பிள்ளைகள் கடையிலேயே உதவலாம். எமது ஆட்கள் பெற்றோருக்கு வாங்குவது பெரும்பாலும் தாஜ்மகால். 'எங்கள் பக்கத்துப் படம்' என்று பாசத்தோடு வாங்குகிறார்கள். அடுக்குபவருக்கு அதைப் போல வதை இல்லை. பாதி வெள்ளைச் சலவைக்கல், மீதி நீல வானம், கீழே தண்ணீரில் அதே சலவைக்கல் இன்னொரு முறை! சந்தை, பூக்கடை, புத்தக அலுமாரி போல நிறங்கள் பிரிந்து நிற்கும் படம் நல்லது. அட்டை தடிப்பாக இருக்க வேண்டும். மேற்பரப்பு மினுங்கினால் மின்விளக்கின் கீழ் கண் கூசும். வெட்டு எப்படி என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். மலிவான பசில்களில் ஒரு துண்டு தனக்குரியதல்லாத இடத்திலும் பொருந்தி இருந்துவிடும். நாற்பது துண்டு தாண்டிய பிறகுதான் பிழை தெரியவரும். நல்ல தயாரிப்பில் துண்டு தன் இடத்தில் இருக்கும்போது விரலுக்கே அது தெரியும். கார்ட்டூன் படம் போட்ட இருபத்துநாலு துண்டுப் பெட்டியை எழுபது வயதுக்காரரிடம் கொடுக்காதீர்கள். பெரிய துண்டுகள் வேண்டுமானால், பெரியவர்களுக்குரிய படத்தோடும் கிடைக்கின்றன.

அடுக்கி முடித்த பெட்டியை மற்றவருக்குக் கொடுக்கும்போது ஒரு சிறு நேர்மை தேவை. துண்டு ஒன்று குறைந்தால் கேட்கப்படாமலே சொல்ல வேண்டிய இடம் இதுதான். மூன்று கிழமை தேடிய பிறகு, இல்லாத துண்டைத்தான் தேடினேன் என்று ஒருவர் அறிவது கொடுமை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையை நம்பி எண்ணிப் பார்க்க வேண்டாம். ஆயிரம் என்று எழுதியிருக்கும் பெட்டிகள் பலவற்றில் 38 வரிசைக்கு 27 என்று 1026 துண்டுகள் இருக்கும். அடுக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும். தெரிந்தால் மூடியின் மேல் பேனையால் எழுதிவிடுங்கள்: "ஒரு துண்டு இல்லை. வானத்தில், இடது மூலைக்குக் கிட்ட."