ஹாட்ஸ்பாட் கேட்பவருக்கு நாம் சொல்லும் பதில்





தொழுகையில் நாம் அடிக்கடி ஓதுகிற சின்ன சூராக்களில் ஒன்று அல்மாஊன். 107வது அத்தியாயம், ஏழே வசனங்கள். இமாம் அதை ஆரம்பித்தால் சீக்கிரம் ருகூவுக்குப் போய்விடலாம் என்று நமக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்த ஏழு வசனங்களில் அல்லாஹ் யாரையெல்லாம் கண்டிக்கிறான் பாருங்கள். தீர்ப்பு நாளைப் பொய்யென்று சொல்பவன், அநாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன், தன் தொழுகையில் அலட்சியமாக இருப்பவன், ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்பவன். இவ்வளவு பெரிய குற்றங்களின் வரிசையில் கடைசியாக வந்து நிற்பது அற்பமான புழங்கு பொருளைக் கொடுக்க மறுப்பவன். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் சூராவுக்கே பெயராக வைத்திருக்கிறது.

மாஊன் என்றால் என்ன? அலீ (ரலி), இப்னு உமர் (ரலி) போன்றவர்கள் அது ஜகாத்தைக் குறிக்கும் என்றார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, நபியவர்கள் காலத்தில் வாளியையும் சட்டியையும் இரவல் கொடுப்பதைத்தான் நாங்கள் மாஊன் என்று எண்ணிவந்தோம் என்று சொல்கிறார்கள். அபூதாவூதில் 1657வது ஹதீஸாக இது இருக்கிறது.

இன்றைக்கு நம் மஹல்லாவில் யார் யாரிடம் சட்டி கேட்கிறார்கள்? ஏணி கேட்பார்கள், சார்ஜர் கேட்பார்கள், அவசரத்துக்கு வண்டி கேட்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகக் காதில் விழுவது இதுதான்: "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் ஹாட்ஸ்பாட் போடுறீங்களா?"

சிரிக்கிறீர்கள். ஜும்ஆ மேடையில் ஹாட்ஸ்பாட்டா என்று நினைக்கலாம். என் கதை ஒன்றைச் சொல்கிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2020 அக்டோபர். மார்ச்சில் மூடிய பள்ளிவாசல்கள் செப்டம்பர் முதல் தேதிதான் திறந்திருந்தன. அப்போது பள்ளிபாளையம் பக்கம் ஒரு மஹல்லாவில் நான் இமாம். பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் அஸர் முடிந்து படியில் உட்கார்ந்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த ஒரு பையன் வந்தான். தகப்பனார் விசைத்தறி ஓட்டுகிறவர், வாரக் கூலி. வீட்டில் இருப்பது ஒரே போன், அதிலும் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. "ஹஜ்ரத், கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுறீங்களா?" என்று கேட்டான். எதற்கு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நெட்டு தீந்துபோச்சுப்பா" என்றேன்.

தீரவில்லை சகோதரர்களே. பாதிக்கு மேல் இருந்தது. செட்டிங்ஸுக்குள் போய்ப் போட வேண்டுமே என்று ஒரு சோம்பல். இந்த வயதுப் பையன் கேம் விளையாடத்தான் கேட்பான் என்று நானாக எடுத்துக்கொண்ட முடிவு வேறு. அவன் "பரவாயில்லீங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தாயார் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள். பையன் அங்கே இங்கே ஓடிக் கடைசியில் தறிப்பட்டறை அண்ணன் ஒருவரிடம் கேட்டிருக்கிறான். அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் இல்லை, நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரும் இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தன் போனையே பக்கத்தில் வைத்துவிட்டு, "முடிச்சுட்டுச் சொல்லு தம்பி" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். அந்தத் தாய் அவருக்காக துஆ செய்ததைக் கண்ணீரோடு சொல்லியிருக்கிறார்கள். அவன் முதலில் என்னிடம் வந்ததை அவர்களிடம் அவன் சொல்லவே இல்லை. என் பொய்யை அந்தப் பிள்ளை மறைத்துவிட்டான். அன்றைக்கு மஃரிபுக்கு முன்னால் நின்று தக்பீர் கட்டும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் ஓதியது வேறு சூராதான். மாஊன் ஓத அன்று தைரியம் வரவில்லை.

இதில் என் தவறுகள் இரண்டு. கொடுக்காதது ஒன்று, பொய் சொன்னது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. ஒரு தாய் தன் சிறுபிள்ளையை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். அங்கே இருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத் 4991). ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்தக் கணக்கு என்றால், "நெட்டு இல்லை", "என் போன்ல ஹாட்ஸ்பாட் வேலை செய்யாது", "சார்ஜ் இல்லை" என்று நாம் வாயில் வந்தபடி விடுகிறோமே, அதெல்லாம் எங்கே எழுதப்படும்? கொடுக்க முடியாவிட்டால் உண்மையைச் சொல்லலாம். "தம்பி, எனக்கு ராத்திரி வரைக்கும் வேணும்ப்பா" என்றால் கேட்டவன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இளைஞர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், காசு போட்டு ரீசார்ஜ் பண்ணியது நான். நான் ஏன் கொடுக்கணும்?" நியாயமான கேள்வி. மிஞ்சிய தண்ணீரைத் தடுத்தவனிடம், உன் கைகள் உருவாக்காத ஒன்றின் மிச்சத்தை நீ தடுத்தாய், இன்று நான் என் அருளைத் தடுக்கிறேன் என்ற கருத்தில் அல்லாஹ் மறுமையில் சொல்வான் என்று புகாரியில் வருகிறது (2369). ஆனால் கிணற்றிலும் ஓடையிலும் இருக்கும் தண்ணீர் வேறு, ஒருவர் உழைத்துத் தன் பாத்திரத்தில் நிரப்பிக்கொண்ட தண்ணீர் வேறு என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பிரித்துத்தான் சொல்கிறார்கள். பாத்திரத்தில் இருப்பது அவருடைய சொத்து, விற்கக்கூட செய்யலாம். நம் டேட்டா பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி. ஆகவே ஹாட்ஸ்பாட் போடாதவனெல்லாம் பாவி என்று நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை.

ஆனால் இந்தப் பாத்திரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வருகிற திட்டத்தில், அன்றைக்கு மிஞ்சியது இரவு 12 மணிக்கு மேல் உங்களுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. விடிந்தால் காலியாகிவிடும் குடத்தைக் காவல் காத்துக்கொண்டு, தாகத்தோடு நிற்பவனிடம் தண்ணீர் இல்லை என்பது என்ன குணம்? நம் ஊரில் போர் போட்டவர் மோட்டாரை ஓடவிட்டால் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் ஓஸை நீட்டிவிடுவார். கோடையில் இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓஸ் நீட்டுகிற அதே கை போனை எடுக்கும்போது மட்டும் ஏன் சுருங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை.

கேட்பவருடைய நிலைமையையும் பாருங்கள். 2024 ஜூலையில் கட்டணங்கள் ஏறின. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 299 ஆனது. நாலு போன் இருக்கிற வீட்டில் கிட்டத்தட்ட 1200 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர் முதலில் தன் போனுக்குப் போடுவார், பிறகு மகனுக்கு. வீட்டுப் பெண்பிள்ளையின் முறை கடைசியில்தான் வரும். கொரோனா காலத்தில் அரசாங்கமே இதை உணர்ந்தது. 2021 ஜனவரியில், நம் எடப்பாடிக்காரர் முதலமைச்சராக இருந்தபோது, 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்தார்கள். அந்த நாலு மாதம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீடுதான். அண்டை வீட்டார் உங்கள் சுவரில் மரக்கட்டை பதிக்க விரும்பினால் தடுக்காதீர்கள் என்று நபியவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி 2463). ஹாட்ஸ்பாட்டுக்குச் சுவரில் ஓட்டைகூட போட வேண்டாம், அதுவாகவே தாண்டிப் போகிறது.

இன்னொரு ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது (1728). ஒரு பயணத்தில் நபியவர்களோடு தோழர்கள் இருந்தபோது ஒரு மனிதர் வாகனத்தில் வந்தார். வந்தவர் வலதும் இடதுமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) இதை அறிவிக்கிறார்கள். உடனே நபியவர்கள், யாரிடம் அதிகப்படி வாகனம் இருக்கிறதோ அவர் வாகனம் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும், யாரிடம் உணவு மிஞ்சி இருக்கிறதோ அவர் உணவில்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்றார்கள். இப்படி ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போகப் போக, மிச்சமான எதிலும் நமக்கு உரிமை இல்லையோ என்று தோழர்களுக்குத் தோன்றிவிட்டதாம். அவர் கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை சகோதரர்களே, சுற்றும் முற்றும் பார்த்ததாகத்தான் இருக்கிறது. பார்வையிலேயே நபியவர்கள் புரிந்துகொண்டார்கள். என்னிடம் அந்தப் பையன் வாய்விட்டே கேட்டான்.

நம் நாமக்கல் லாரிக்காரர்களிடம் இந்த ஹதீஸை விளக்கவே தேவையில்லை. நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் வண்டி நிற்கும். 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்ததிலிருந்து டிரைவருக்குப் போனில் நெட் இல்லாமல் சரிப்படாது. நெட் தீர்ந்து நிற்கிறவருக்குப் பக்கத்து வண்டிக்காரர் ஹாட்ஸ்பாட் போட்டு விடுவார். அவர் பஞ்சாபிக்காரராக இருப்பார், பெயர்கூட தெரியாது. வேலை முடிந்ததும் அந்த நெட்டிலேயே ஊருக்கு வீடியோ கால் போட்டுப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். லாரியில் போய் வந்தவர்கள் எனக்குச் சொன்னது இது.

கொடுப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வாங்குபவருக்கும் கடமை உண்டு. அதை இளைஞர்கள் நன்றாகக் கேட்க வேண்டும்.

ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொடுத்தால் அது உங்கள் கையில் அமானிதம். உங்கள் போன் அதைச் சாதாரண வைஃபை என்று நினைத்துக்கொள்ளலாம். வைஃபை கிடைத்ததும் ப்ளே ஸ்டோர் தானாக அப்டேட் இறக்க ஆரம்பிக்கும், கேலரியில் இருக்கும் போட்டோ வீடியோவெல்லாம் பேக்கப் ஏறும். நீங்கள் திறந்தது ஒரு படிவம்தான், ஆனால் பத்து நிமிடத்தில் அவருடைய அன்றைய டேட்டா முழுக்கக் காலியாகிவிடும். அவர் "என்னப்பா இது" என்றால், "நான் ஒண்ணுமே பாக்கலையே" என்பீர்கள். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறீர்கள், ஆனால் அவருடைய ஹக் போய்விட்டது. ஆகவே இணைத்த உடனே அந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு என்று செட்டிங்ஸில் மாற்றுங்கள். தெரியாவிட்டால் பேக்கப்பையும் அப்டேட்டையும் நிறுத்துங்கள். எதற்குக் கேட்டீர்களோ அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். படிவம் போட வாங்கிய நெட்டில் ரீல்ஸ் தள்ளுவது, சந்தைக்குப் போக வாங்கிய வண்டியை ஏற்காட்டுக்கு ஓட்டிப் போவது போன்றதுதான்.

பாஸ்வேர்ட் உங்கள் போனில் நின்றுவிடும். நாளைக்கு அவர் வேறு யாருக்கோ ஹாட்ஸ்பாட் போடும்போது உங்கள் போனும் சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொள்ளும். நேற்றைய அனுமதி நேற்றைக்கு மட்டும்தான். வேலை முடிந்ததும் அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். கடைக்காரருடைய, பக்கத்து வீட்டாருடைய வைஃபை பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடுகிற பழக்கமும் இருக்கிறது. அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

கொடுப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை. சிம் உங்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் இணைப்பில் ஒருவன் தவறான வேலை செய்தால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். தெரிந்தவருக்குக் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக வைக்காதீர்கள். எத்தனை போன் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இத்தனை எம்பிக்கு மேல் போனால் தானாக நின்றுவிடும்படி வைக்கிற வசதி பல போன்களில் இருக்கிறது. முன்பின் தெரியாதவர் அவசரத்தில் நின்றால், அந்தத் தறிப்பட்டறை அண்ணன் செய்த மாதிரி பக்கத்தில் உட்காரவைத்து முடித்துக்கொடுத்து அனுப்புங்கள். வேலை செய்யும் இடத்தில் முதலாளி கொடுத்த போன் என்றால் அந்த டேட்டா உங்களுடையது இல்லை. அதிலிருந்து தாராளம் காட்ட முதலாளியிடம் கேட்டாக வேண்டும்.

அந்தப் பையனைப் பிறகு நான் தனியாகப் பார்த்து, அன்றைக்கு நெட் இருந்தது, பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். "தெரியுங்க ஹஜ்ரத். உங்க போன்ல வாட்ஸ்அப் மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு" என்றான்.

ஓர் அறிவிப்பு. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளிலிருந்து கலந்தாய்வு முடியும் வரை, மஃரிபிலிருந்து இஷா வரை மதரஸா அறை திறந்திருக்கும். டேட்டா மிஞ்சி இருப்பவர்களில் தினம் இரண்டு பேர் போனோடு வந்து உட்கார்ந்தால் போதும். எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் வரலாம். பெண்பிள்ளைகள் தாயாரோடு வரட்டும். பெயர் கொடுப்பவர்கள் தொழுகைக்குப் பிறகு முஅத்தினிடம் கொடுங்கள். முதல் நாளுக்கு என் பெயரை எழுதிவிட்டேன்.

பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.