சொல் இழந்தோரின் பல்

‘பல் போனாற் சொல் போச்சு’ என்பது நம்மவர் நாவிற் பழகிய முதுமொழி. முதுமையிற் பல் விழ, உச்சரிப்புக் குழறிப்போவதைக் கண்டோர் சொன்ன அநுபவ மொழி அது. ஆயின், இம்முதுமொழி தலைகீழாக நிகழும் ஒரு கூட்டத்தார் நம்மிடையே வாழ்கின்றனர். கடும் உளநோய்க்கு ஆளானோர் வாழ்விலே முதலிற் போவது சொல். அவர் கூறுவதற்குச் சமூகம் அளித்துவந்த மதிப்பு மறைந்துவிடுகின்றது. பல் போவது அதன் பின்னர். பெரும்பாலும் அதன் விளைவாகவே.

இது வெறும் சொல்லலங்காரமன்று. 2015ஆம் ஆண்டில் ஸ்டீவ் கைஸ்லி என்னும் ஆய்வாளரும் அவருடன் உழைத்தோரும், வெவ்வேறு நாடுகளில் நடைபெற்ற 25 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கினர். கடும் உளநோயுடையோர் தம் பற்கள் அனைத்தையும் இழந்திருக்கும் வாய்ப்பு, ஏனையோருக்குள்ள வாய்ப்பைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு என்பது அவர்கள் கண்ட முடிபு. சிந்தையைப் பற்றிய நோய் பல்லை ஏன் பறித்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்போமாயின், மருத்துவத்தை மட்டுமன்றி நமது அறவுணர்வையும் சோதனைக்கு உட்படுத்தியவர்களாவோம்.

முதலிற் காரணங்களை நோக்குவோம். உளநோய்க்கு வழங்கப்படும் மருந்துகளுட் பல வாயை உலரச் செய்வன. உமிழ்நீரோ பல்லின் காவல். அது உணவுத் துகள்களைக் கழுவுகின்றது. நுண்ணுயிர்கள் தோற்றுவிக்கும் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கின்றது. பல்லின் மேற்பூச்சு இழந்த கனிப்பொருளை மீண்டும் படியச் செய்கின்றது. அக்காவல் நீங்கிய வாயிற் சூத்தை விரைந்து பரவும். வாயின் வறட்சியைப் போக்க நோயாளி நாடுவது பெரும்பாலும் சீனி கலந்த தேநீரும் இனிப்புப் பானங்களுமே. இம்மருந்துகளுட் சில உடல் பருமனுக்கும் நீரிழிவுக்கும் வழிகோலுவன. நீரிழிவும் முரசு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பன. இவற்றோடு புகைப்பழக்கமும் வறுமையும் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்து முகங் கழுவுவதற்குரிய ஊக்கத்தையே நோய் உறிஞ்சிவிடுகின்றது.

இவ்வளவும் இருக்க, ‘தன் பல்லைத் தானே துலக்காதவனுக்கு நாம் என்ன செய்வது?’ என்று கேட்போர் உளர். கேட்பவர் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர்; அன்றாட வேலையிற் களைத்துப்போன வைத்தியரும் தாதியரும் உறவினரும் அவர்களுள் அடங்குவர். எனினும், இக்கேள்வியினுள் ஒரு பிழை ஒளிந்திருக்கின்றது. ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவதற்கு முன்னர், அப்பொறுப்பைச் சுமக்கும் ஆற்றல் அவரிடத்து உண்டா என்று நோக்குதல் அறத்தின் முதற்படி. கால் முறிந்தவனை ஓடவில்லை என்று நாம் குறை கூறுவதில்லை. முறிந்தது ஊக்கமாக இருக்கும்போது மட்டும், முறிவு நம் கண்ணுக்குப் புலப்படாமையால், அதனைக் குணக்குறை என்று கூறிவிடுகின்றோம். மேலும், வாயை உலர்த்திய மருந்தை நோயாளி தாமாகத் தேடிக்கொண்டாரில்லை. அதனைத் தந்தது வைத்தியசாலை. அதனை ஒழுங்காக உட்கொள்ளுமாறு வற்புறுத்தியது சமூகம். மருந்தைத் தந்த கை, அம்மருந்தின் விளைவுக்கும் பொறுப்பேற்றல் வேண்டாமா?

வரலாற்றைப் புரட்டினால், இப்பொறுப்பு நாம் எண்ணுவதினும் பழமையானது என்பது புலனாகும். இனிப்புப் பண்டங்களை உணவு வேளைகளுக்கு இடையிலே அடிக்கடி உண்பதுதான் பல்லுக்குப் பெருங்கேடு என்று நாம் பாடசாலைகளிற் கற்பிக்கின்றோம். இவ்வறிவை உறுதிப்படுத்திய ஆய்வு எங்கே நடந்தது? சுவீடன் நாட்டிலே, லுண்ட் நகரிலுள்ள விபெஹொல்ம் என்னும் நிலையத்தில். 1940களின் பிற்பகுதியில் அங்கே அடைபட்டிருந்த அறிவு வளர்ச்சி குன்றியோருக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும் டொபிகளை நாடோறும் ஊட்டி, சூத்தை எவ்வாறு உண்டாகின்றது என்று பார்த்தனர். செலவின் ஒரு பகுதியை ஏற்றவர்கள் சீனி, இனிப்புப் பண்ட உற்பத்தியாளர்கள். சம்மதம் கேட்கப்படவில்லை. முடிபுகள் 1954இல் வெளிவந்தன. பல பிணியாளரின் பற்கள் அழிந்தன. உலகம் அறிவு பெற்றது. அங்கிருந்தோர் உளநோயாளர் அல்லர் என்பது உண்மை. ஆயினும், தம்மைக் குறித்துத் தாமே பேசும் உரிமை மறுக்கப்பட்டமையில் இரு சாராரும் ஒரே நிலையினர்.

உளநோயாளரின் வாயிலேயே கை வைத்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள ட்ரென்டன் உளநோய் வைத்தியசாலையின் தலைவராக 1907 முதல் 1930 வரை இருந்த ஹென்றி கொட்டன் என்னும் வைத்தியர், சித்தம் கலங்குவதற்குக் காரணம் உடலிற் பதுங்கியிருக்கும் கிருமித் தொற்றே என்று நம்பினார். ஆதலின் நோயாளரின் பற்களை ஆயிரக்கணக்கிற் பிடுங்கினார். குணம் காணாதவிடத்துக் குடலையும் அறுத்தார். நோயாளருட் பெரும் பகுதியினர் குணமடைந்தனர் என்று பறைசாற்றவும் செய்தார். 1920களின் நடுப்பகுதியிலே பிலிஸ் கிரீனேக்கர் என்னும் பெண் வைத்தியர் ஆராய்ந்து, அவ்வுரிமைகோரல் பொய் என்று கண்டார். அவருடைய அறிக்கையோ அக்காலத்தில் வெளியிடப்படாது அடக்கப்பட்டது.

விபெஹொல்மில் அறிவின் பெயராற் பல் அழிந்தது. ட்ரென்டனிற் சிகிச்சையின் பெயராற் பல் பிடுங்கப்பட்டது. அவ்விரு செயல்களையும் இன்று எவரும் ஆதரிக்கமாட்டார். ஆனால், அன்று வலிந்து தலையிட்ட உலகம் இன்று கண்டும் காணாது விலகிநிற்கின்றது. முன்னதைக் கொடுமை என்று கூறும் நாம் பின்னதை இயல்பு என்று கொள்கின்றோம். ‘பல் வலிக்கிறது’ என்று உளநோயாளர் ஒருவர் கூறினால், அதுவும் நோயின் பிதற்றலோ என்று ஐயுறுவோர் உளர். வலியால் அவர் சினந்து எழுந்தால், பல்லைப் பாராமல் மருந்தின் அளவைக் கூட்டுதலும் நிகழ்கின்றது.

இப்புறக்கணிப்புக்கு வேரூன்ற இடம் அளித்தது வேறொரு பிரிவினை: உடலிலிருந்து பல்லைப் பிரித்துவைத்தமை. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948இலே பற்சிகிச்சையையும் இலவசமாக்கிற்று. மூன்று ஆண்டுகள் செல்லுமுன், ஆயுதச் செலவுக்குப் பணம் தேடிய அரசாங்கம் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முற்பட்டது. அச்சேவையைத் தோற்றுவித்த அனூரின் பெவன், 1951 ஏப்ரலில், அதன் பொருட்டு அமைச்சுப் பதவியைத் துறந்தார். அமெரிக்கா 1965இல் முதியோருக்கென அமைத்த காப்புறுதியிலும், அவுஸ்திரேலியா 1984இல் நிறுவிய பொது மருத்துவக் காப்புறுதியிலும் வழக்கமான பற்சிகிச்சைக்கு இடமளிக்கப்படவில்லை. இதயமும் ஈரலும் பொதுமக்கள் பொறுப்பு, பல் தனியார் பொறுப்பு என்ற இந்தக் கணக்கிலே முதலில் நசுங்குபவர் யார் என்று கூறவும் வேண்டுமோ?

கட்டணத்தை நீக்கிவிட்டாற் போதும் என்று கூறுவதும் முழு விடையாகாது. நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளிற் பற்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இது போராடிக் காக்கவேண்டிய பெரும் பேறு. எனினும், அதனைப் பெறுவதற்கு விடியலில் எழுந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று, துண்டு எடுத்து, முன்பின் அறியாத ஒருவர்முன் வாயைத் திறந்து, கருவிகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருத்தல் வேண்டும். தவறினால் வேறொரு நாள் இவையனைத்தும் மீண்டும். சந்தேகமும் அச்சமும் சோர்வுமே நோயாக அமைந்த ஒருவருக்கு இவ்வரிசை மதிலாகின்றது. கேட்கத் தெரிந்தவர்க்கும் காத்திருக்க முடிந்தவர்க்கும் மட்டும் கிடைப்பது, ஏட்டில் எல்லார்க்கும் உரிமையாயினும், நடைமுறையில் வலியவர்களின் சலுகையே.

இதற்கு மாற்று வழி நாம் அறியாததன்று. 1950களிலே, கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் துணையோடு, பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கெனத் தாதியரைப் பயிற்றும் முறை நம் நாட்டிற் புகுத்தப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளை விண்ணப்பம் எழுதிக் கேட்கட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. பிள்ளையால் கேட்க இயலாது. ஆதலின் சிகிச்சையே பிள்ளை இருக்குமிடம் சென்றது. உளநோயுடைய வளர்ந்தோர் குழந்தைகள் அல்லர். அவர்களைக் குழந்தைகளாக நடத்துவதும் இழிவே. ஆயினும், தேவை உள்ள இடத்துக்குச் சேவை செல்லவேண்டும் என்ற நெறி இருவர்க்கும் பொது. மாதந்தோறும் மருந்துக்கு வரும் உளநல சிகிச்சை நிலையத்திலேயே வாயையும் பார்த்தல், புதிய மருந்தைத் தொடங்கும்போதே வாய் உலர்தலைப்பற்றி எச்சரித்தல், புளோரைட் பற்பசையையும் பல் தூரிகையையும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தல், பல் வைத்தியருக்கும் தாதியருக்கும் இத்தகையோருடன் பழகும் பயிற்சி அளித்தல் ஆகியன பெரும் பொருட்செலவு வேண்டுவன அல்ல.

இவ்விடத்து ஒரு நியாயமான தடை எழும். ‘வேண்டாம் என்பவரை வற்புறுத்தலாமா? ட்ரென்டன் அதைத்தானே செய்தது?’ இவ்வச்சம் தேவையானது. அது எந்நாளும் நம்முடன் இருத்தல் நன்று. சொல்லைப் பறித்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றுவதில் மேன்மை இல்லை. ஆனால், ஒருமுறை ‘வேண்டாம்’ என்றதைக் கேட்டு, ஏட்டிற் பதிந்து, கைகழுவி விடுவது அவர் சொல்லை மதித்ததாகாது. ஏன் வேண்டாம் என்று கேட்பதும், அச்சத்தின் காரணத்தை அறிவதும், மற்றொரு நாள் மீண்டும் வருவதும், பிடுங்கிவிடுதல் எளிது என்றாலும் அடைத்துக் காக்க முயல்வதும் அவரை மனிதராக மதித்தலாகும். வன்முறைக்கும் கைவிடுதலுக்கும் இடையே பொறுமை என்றொரு பாதை உண்டு. அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு அரசின் நிதி வேண்டும். ஆகவேதான் தனிமனித இரக்கத்தோடு நின்றுவிடாமல் இவ்விடயம் அரசியலாகின்றது.

பல் சிறிய உறுப்புத்தான். ஆயினும், மனிதன் உண்பதும் பேசுவதும் பிறர் முன்னிலையில் அச்சமின்றிச் சிரிப்பதும் அதனைக்கொண்டே. நோய் தணிந்து வேலை தேடிச் செல்லும் ஒருவர், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசவேண்டியிருப்பின், அவரை நாம் முழுமையாகக் குணப்படுத்திவிட்டோம் என்று கூற முடியுமா? கற்பிப்போரும் கற்போருமாகிய நாம், உரிமைகளைப்பற்றி நிறையவே பேசுகின்றோம். தாமாக வந்து கேட்க இயலாதோரிடம் அவை சென்று சேர்கின்றனவா என்பதை இனி நம் அளவுகோலாகக் கொள்வோம்.