இரண்டு இடங்களில் ஒரே ஆள்

சேலம் என்றதும் நமக்கு மாம்பழம் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம். 1692இல் சூனியம் வைத்ததாகச் சொல்லிப் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்ட ஊர். முதலில் தூக்கிலேற்றப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப். ஜூன் 10ஆம் தேதி.

பிரிட்ஜெட்டைப் பற்றி வெகுகாலம் புழங்கிய சித்திரம் ஒன்று உண்டு. அவர் மதுச்சாலை நடத்தியவர். அவர் வீட்டில் நள்ளிரவு வரை குடியும் ஆட்டமும் நடக்கும். சிவப்பு மேலாடை போட்டுக்கொண்டு திரிவார். யாருக்கும் அடங்காத வாய். பியூரிட்டன் ஊருக்கு இப்படி ஒரு பெண்ணைப் பொறுக்குமா? கொன்றுவிட்டார்கள்.

கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் மதுச்சாலை அவருடையதில்லை. அது சாரா பிஷப் என்ற இன்னொரு பெண்ணுடைய வீடு. இருவருடைய கணவர்களுக்கும் ஒரே பெயர், எட்வர்ட் பிஷப். சிவப்பு மேலாடையும் கணவனோடு போட்ட சண்டைகளும் பிரிட்ஜெட்டுடையவைதான். குடியும் கும்மாளமும் சாராவின் வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை.

இது எப்படி நடந்தது என்று புரிய, அந்தக் காலத்துக் குடியேறிகள் பெயர் வைத்த விதம் தெரிய வேண்டும். மாசசூசெட்ஸின் ஆளுநர் ஜான் வின்த்ரப். அவர் மகன் ஜான் வின்த்ரப் கனெக்டிகட்டின் ஆளுநர். பேரனும் ஜான்தான். அவரும் கனெக்டிகட்டின் ஆளுநரானதால், குழம்பாமலிருக்க ஃபிட்ஸ்-ஜான் என்கிறார்கள். அதே குடும்பத்தில் பின்னால் ஹார்வர்டில் வானியல் படித்துக்கொடுத்தவரும் ஜான் வின்த்ரப். பேரன் என்றாலே பெயரைச் சுமப்பவன் என்று பொருள்கொண்ட மொழிக்காரர்களுக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. ஆனால் அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரே தாய்க்கு இரண்டு மேரி, ஒருத்தி மண்ணுக்குள், ஒருத்தி தொட்டிலில்.

போதாததற்கு சீனியர், ஜூனியர். இன்று ஜூனியர் என்றால் மகன் என்று நினைக்கிறோம். அன்று அந்த ஊரில் அதே பெயருள்ள இருவரில் இளையவர் என்றுதான் அர்த்தம். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாத இருவராகவும் இருக்கலாம். மூத்தவர் செத்துப்போனால் ஜூனியர் சீனியராகிவிடுவார். ஆக ஒரே ஆள் முப்பது வயதில் ஜூனியர், ஐம்பதில் சீனியர். ஏட்டில் பார்க்கிறவர் தந்தையும் மகனும் என்று எழுதிவிட்டுப் போவார்.

சேலம் வட்டாரத்தில் எட்வர்ட் பிஷப் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பிரிட்ஜெட்டின் கணவர் மரம் அறுக்கும் தொழில் செய்தவர், வீடு சேலம் டவுனில். சாராவும் கணவரும் இருந்தது சேலம் கிராமத்தின் பக்கம், இன்றைய டான்வர்ஸ். பெவர்லி ஊர்ப் போதகர் ஜான் ஹேல் கொடுத்த வாக்குமூலத்தில், நள்ளிரவு வரை குடியும் விளையாட்டுமாகக் கிடக்கும் வீட்டைப் பற்றிப் பேசுகிறார். எட்வர்ட் பிஷப் ஜூனியரின் மனைவி என்றுதான் அதில் இருக்கிறது. அந்தத் தாளைப் பின்னால் வந்தவர்கள் பிரிட்ஜெட்டின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 1867இல் சார்ல்ஸ் அப்ஹாம் எழுதிய பெரிய வரலாற்றுநூலில் இரு பெண்களும் ஒருவராகவே இருக்கிறார்கள். 1981இல்தான் டேவிட் கிரீன் என்ற வம்சாவளி ஆய்வாளர் இருவரையும் பிரித்துக் காட்டினார். வரலாற்றுப் பேராசிரியர்கள் படிக்கும் பத்திரிகையில் அல்ல, குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் படிக்கும் ஓர் இதழில்.

இங்கே ஒரு கேள்வி வரும். செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. இவர் அவராக இருந்தால் என்ன, அவர் இவராக இருந்தால் என்ன? செத்தவங்களுக்கு வலிக்கவா போகுது?

வலிக்காது. ஆனாலும் இதில் ஒரு தீங்கு நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கலந்துகட்டிய அந்தப் பெண், கொல்லப்பட்டதற்கு ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்கிறாள். மதுச்சாலைக்காரி, அதனால் ஊருக்குப் பிடிக்கவில்லை, அதனால் கொன்றார்கள். அவள்மீது அனுதாபத்தோடு எழுதியவர்களும் இந்த ‘அதனால்’களை விடவில்லை. கொலையைப் புரிந்துகொள்ள வைப்பதற்காக, அதற்குப் பொருத்தமான குணத்தை அடுத்தவர் வீட்டிலிருந்து கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மதுச்சாலையை எடுத்துவிட்டால் அந்த விளக்கம் ஆட்டம் காண்கிறது. அந்த இடம் உறுத்தலாக இருக்கிறது. இருக்கட்டும்.

சாராவுக்கும் இழப்பு உண்டு. அவரும் கணவரும் அதே ஏப்ரலில் கைதானார்கள், பிறகு சிறையிலிருந்து தப்பித்தார்கள். பிழைத்துக்கொண்ட ஒருவர், தூக்கில் தொங்கிய ஒருவருக்குள் கரைந்துபோனார்.

விசாரணைத் தாள்களைப் படிக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஏப்ரல் 19 அன்று பிரிட்ஜெட்டைச் சேலம் கிராமத்துக்குக் கொண்டுவந்து விசாரிக்கிறார்கள். குற்றம்சாட்டும் பெண்கள் அவரைப் பார்த்ததும் துடித்து விழுகிறார்கள். இவர்களை நான் பார்த்ததே இல்லை, இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்லை என்கிறார் பிரிட்ஜெட். யாரும் நம்பவில்லை. நம்பத் தேவையும் இருக்கவில்லை. ஒருவருடைய உடல் ஓரிடத்தில் இருக்க, அவருடைய உரு வேறொரு வீட்டுக்குள் புகுந்து ஆளை அமுக்கும் என்பதை அந்த நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றுக்கொண்டிருந்தது.

வம்சாவளி ஆய்வின் முதல் விதி இதற்கு நேர் எதிர். ஓர் ஆள் ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஓர் ஊரில் புதைக்கப்பட்டவர் அடுத்த வருடம் இன்னோர் ஊரில் நிலம் விற்கிறார் என்றால் அவர்கள் இரண்டு பேர். அதனால்தான் பெயரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்கிறார்கள்: நிலத்தின் எல்லை, தொழில், மனைவியின் பெயர், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர், கையெழுத்துத் தெரியாதவர் போட்ட கீறல். பிரிட்ஜெட்டை நீதிமன்றத் தாள்கள் ‘பிஷப் என்கிற ஆலிவர்’ என்று முந்தைய கணவரின் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. சாராவுக்கு அந்த ஒட்டு இல்லை. அவ்வளவு சின்ன இழைதான்.

பிரிட்ஜெட்டுக்கு 1692இல் கிடைக்காமல்போன நீதி இதுதான். நீ அங்கே இல்லை என்று யாராவது ஒப்புக்கொள்வது. கிரீன் அதைக் காகிதத்தில் செய்தார். அன்பு, அஞ்சலி என்றெல்லாம் நாம் இறந்தவர்களுக்குக் கொடுக்க நினைப்பவற்றுக்கு முன்னால் இது வர வேண்டும் என்று தோன்றுகிறது. யாரென்று தெரியாமல் செலுத்தும் அஞ்சலி வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

சட்டத்துக்கும் இது தெரிந்தே இருந்தது. 1957இல் மாசசூசெட்ஸ் அரசு கொல்லப்பட்டவர்களின் களங்கத்தைத் துடைக்க ஒரு தீர்மானம் போட்டது. அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவர் ஆன் பியூடியேட்டர் ஒருவர்தான். மற்றவர்கள் ‘வேறு சிலர்’. பிரிட்ஜெட்டின் பெயரும் இன்னும் நான்கு பெண்களின் பெயரும் சட்டத்தில் ஏற 2001 அக்டோபர் ஆனது. ‘வேறு சில’ருக்குள் இருப்பது விடுதலைதானா என்று நாற்பத்து நான்கு வருடம் யாருக்கும் திருப்தி வரவில்லை.

இன்று இணையத்தில் குடும்ப மரம் வரைகிறவர்கள் ஒரே சொடுக்கில் இரண்டு ஜான்களை ஒருவராக்கிவிடலாம். அதை நூறு பேர் பிரதி எடுப்பார்கள். நூறு மரத்தில் இருப்பது உண்மை போலத் தெரியும். பிரிப்பதற்கு மட்டும் ஒருவர் வருடக்கணக்காக உட்கார வேண்டும்.

எவ்வளவு உட்கார்ந்தாலும் பிரிக்கவோ சேர்க்கவோ முடியாதவர்களும் இருக்கிறார்கள். அதே வழக்கில் முதலில் கைதானவர்களில் ஒருவர் டிட்டூபா, போதகர் வீட்டு அடிமை. அவருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அவருடைய சிறைக் கட்டணத்தை யாரோ கட்டி அழைத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஏட்டில் அவர் இல்லை. வம்சம் தேடுகிறவர்களுக்கு அந்த வெற்றிடத்தில் பொருத்தமான ஒரு பெயரை நட்டுவிடக் கை பரபரக்கும். நடாமல் விடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான். கோடு அங்கே நிற்கிறது. நிற்கட்டும்.