கடிக்கும் நாய்க்கும் ஹக்கு உண்டு



இந்த மாதம் ஜகாத்தைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அது அடுத்த மாதத்திற்குப் போகட்டும். இப்போது ஒரு நாயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மார்க்கப் பத்திரிகையில் நாய்க்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் ‘கஹ்பு’ அத்தியாயத்தில், குகை வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாயையும் அல்லாஹ் குறிப்பிட்டிருக்கிறான். அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கம் செய்ததை எடுத்துரைக்கும் இடத்திலும், மூன்று தடவையும் அந்த நாயைச் சேர்த்தே கூறியிருக்கிறான். அல்லாஹ் தன் திருமறையில் இடம் கொடுத்த பிராணிக்கு நம் பத்திரிகையில் மூன்று பக்கம் கொடுப்பதில் குறை ஒன்றும் வந்துவிடாது.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன், அஸருக்குப் பிறகு எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கல்லூரியில் படிக்கும் பெண். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு காப்பகம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அந்தப் பெண் அங்கே போய் உதவி செய்து வருகிறாள். அங்கே வெள்ளை முடி அடர்ந்த ஒரு சின்னஞ்சிறு பெண் நாய். பொமரேனியன் என்று சொல்லிக் கடைகளில் விற்கிறார்களே, அந்த வகை. யாரோ விலை கொடுத்து வாங்கி, குட்டியாக இருந்தவரை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். நோய் வந்ததும் ஒரு நாள் இரவு காப்பகத்தின் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பின்காலில் முழங்கால் சில்லு அடிக்கடி இடம் பிசகிவிடும். இரண்டு காதிலும் சீழ். உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்த உடம்பு. இவற்றோடு, தூக்கப் போனால் வெடுக்கென்று கடித்துவிடும். மூன்று குடும்பத்தார் ஆசையாக எடுத்துப்போய், மூவருமே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். காப்பகத்திலோ இடமில்லை. பெரிய நாய்களுக்கு நடுவே இது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது.

“நம்ம வீட்டுக்குக் கொண்டு வரலாமா ஹஜ்ரத்? வாப்பா கூடாதுன்னு சொல்றாங்க” என்று கேட்டாள்.

நான் அரை நிமிஷம் கூட யோசிக்கவில்லை. “நாய் இருக்கிற வீட்டுக்கு ரஹ்மத்துடைய மலக்குமார் வரமாட்டாங்க. நம்ம மத்ஹபுல அது கடுமையான நஜீஸ். வேண்டாம்மா, படிப்பைப் பாரு” என்று சொல்லிவிட்டேன். தகப்பனார் மகளைப் பார்த்து, நான் சொன்னேன் அல்லவா என்பது போலத் தலையை ஆட்டினார். அந்தப் பெண் எழுந்திருக்கும்போது மெதுவாக ஒன்று கேட்டாள்: “அப்ப அதை யார் பாக்குறது ஹஜ்ரத்?”

நான் பதில் சொல்லவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்பது போல எழுந்துவிட்டேன். இரவில்தான் அந்தக் கேள்வி உறுத்தியது. நான் சொன்ன மஸ்அலாவில் பொய் இல்லை. ஆனால் கேட்டதற்கு அது முழுப் பதிலும் இல்லை. கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் அல்லாமல் நாய் வளர்ப்பவருடைய நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத்து, மற்றோர் அறிவிப்பில் இரண்டு கீராத்து, குறையும் என்பது ஸஹீஹான ஹதீஸ். இதை யாரும் மறைக்க முடியாது. வீட்டைக் காப்பதற்காக வளர்ப்பதும் இம்மூன்றின் மீது கியாஸாக ஆகுமென்பதே சரியான சொல் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். மலக்குமார் பற்றிய ஹதீஸும் ஸஹீஹானதே. அது வளர்க்க அனுமதியில்லாத நாயைப் பற்றியது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கம் கூற, எல்லா நாயையும் குறிக்கும் என்றே நவவீ இமாம் கருதுகிறார்கள். ஆகவே அழகுக்காகவும் அந்தஸ்துக்காகவும் நாயை வாங்கி, கட்டிலில் கூடப் படுக்க வைத்துக்கொள்ளும் புதுப்பழக்கத்திற்கு நான் ஒருபோதும் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அதே ஹதீஸ் கிதாபுகளில்தான் வேறு செய்திகளும் இருக்கின்றன. தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதர் மன்னிக்கப்பட்டார். பனீ இஸ்ராயீலில் ஒழுக்கம் கெட்ட ஒரு பெண்ணும் இதே காரியத்தால் மன்னிக்கப்பட்டாள். இவர்களில் எவரும் அந்த நாயை வளர்த்தவர் அல்லர். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பொதுப்படையாகவே அறிவித்துவிட்டார்கள். மதீனாவில் நாய்களைக் கொல்லும்படி ஆரம்பத்தில் உத்தரவு இருந்ததும், பின்னர் அது தடுக்கப்பட்டதும் முஸ்லிமில் உள்ளன. முந்தியதை மட்டும் மேடையில் சொல்லி, பிந்தியதை விட்டுவிடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்காவை நோக்கிப் பத்தாயிரம் பேர் கொண்ட படை சென்றபோது நடந்ததை வாக்கிதீ தம் மகாஸீயில் பதிந்திருக்கிறார். அல் அர்ஜ் என்ற இடத்திற்கப்பால், புதிதாக ஈன்ற ஒரு நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, வருவோரைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. படையில் ஒருவரும் அதற்குத் தொந்தரவு கொடுத்துவிடாதபடி, ஜுஐல் இப்னு ஸுராக்கா (ரலி) என்ற தோழரை அதன் எதிரே காவல் நிறுத்தினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கவனியுங்கள், அது உறுமிய நாய். உறுமுகிறதே, அடித்து விரட்டுங்கள் என்று சொல்லப்படவில்லை. அதன் உறுமலுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது அங்கே உணரப்பட்டது.

அடுத்து நான் பார்த்தது, சுல்தானுல் உலமா என்று புகழப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களின் கவாயிதுல் அஹ்காம். டமாஸ்கஸில் பிறந்து 1262இல் கெய்ரோவில் மறைந்த ஷாபிஈ இமாம். மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை அதில் வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றில் முதலில் வருவது, அதன் உணவுக்குச் செலவு செய்வது. அது முடமாகிப் போனாலும், இனி யாதொரு பிரயோஜனமும் இல்லை என்னும்படி நோயுற்றாலும் அந்தச் செலவு நீங்காது என்பது அவர்கள் தீர்ப்பு. ஓதிய காலத்தில் இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன். அப்போது என் மனதில் இருந்ததெல்லாம் ஒட்டகமும் மாடும்தான். கேட்டில் கட்டிப்போட்டுவிட்டு இருட்டில் ஓடிய அந்த மனிதரின் மீது என்ன கடன் நிற்கிறது என்பது அன்றிரவுதான் எனக்கு விளங்கியது.

தயம்மும் பாடத்திலும் ஒரு மஸ்அலா உண்டு. பிரயாணத்தில் உளூவுக்கு மட்டுமே தண்ணீர் இருக்கிறது, கூடவே கண்ணியத்திற்குரிய ஒரு பிராணி தாகத்தால் தவிக்கிறது என்றால், தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டு இவர் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். தீங்கில்லாத நாயும் இதில் சேரும் என்று பிற்கால இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவச் சொன்ன அதே மத்ஹபு, உளூவின் தண்ணீரையே அதற்குக் கொடு என்கிறது! நஜீஸ் என்பது கழுவிக்கொள்வது பற்றிய சட்டம். இரக்கத்திற்குத் தடை போடும் சட்டமாக அதை நாம்தான் ஆக்கிவைத்திருக்கிறோம்.

“ஆனால் இது கடிநாய் ஆயிற்றே, கடிநாயைக் கொல்லலாம் என்றே ஹதீஸ் இருக்கிறதே” என்று அந்தப் பெண்ணின் மாமா ஒருவர் பிறகு என்னிடம் வாதாடினார். இஹ்ராமில் இருப்பவரும் கொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஐந்தில் ‘அல் கல்புல் அகூர்’ ஒன்று என்பது உண்மை. அதற்கு இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் தரும் விளக்கம் என்ன? சிங்கம், சிறுத்தை, ஓநாய் போல மனிதர் மீது பாய்ந்து கிழித்து அச்சுறுத்துவது. நோகும் காலைப் பிடித்துத் தூக்கும்போது பல்லைக் காட்டும் முழ நீள நாயைச் சிங்கத்தோடு சேர்த்துவிட முடியுமா?

இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மறுவாரம் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு காப்பகத்திற்குப் போனேன். அங்கே பராமரிக்கும் அம்மாள் வயதானவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் குனிந்து கையை நீட்டினேன். “பாய், தலைக்கு மேலேயிருந்து கையைக் கொண்டு போகாதீங்க. அதுக்கு அடிக்க வர்ற மாதிரி இருக்கும். பக்கத்துல உக்காருங்க, அதுவே வரட்டும்” என்றார். முதலில் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், அப்புறம் உறுமும், கடைசியில்தான் கடிக்கும் என்று அவர் விளக்கினார். மூன்று வீட்டாரும் முதல் நான்கையும் கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் உறுமியதற்காக அடித்தார்களாம். அதன் பிறகு உறுமாமலே கடிக்கத் தொடங்கிவிட்டது. தூக்குவதானால் மார்புக்கு அடியில் ஒரு கை, பின்பாகத்திற்கு அடியில் ஒரு கை, கால் தொங்கக் கூடாது. அதற்குக் கூடத் தூக்காமலிருப்பதே நல்லது என்றார். நாங்கள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அது நொண்டிக்கொண்டே வந்து, தகப்பனாரின் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

கடியைப் பற்றிய அச்சம் நியாயமானது. தெரு நாய்களைப் பற்றி 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவிட்டு, 22இல் அதைத் திருத்தியபோது நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தோம். வெறிநோய் தலைகாட்டிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆகவே எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். தவணை தவறக் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் தடவுவதெல்லாம் ஆபத்து. மண்ணால் கழுவச் சொன்ன ஹதீஸை வைத்து, மண் வெறிநோயைத் தீர்க்கும் என்று சிலர் பயான் செய்கிறார்கள். அது பாத்திரத் துப்புரவைப் பற்றியது. காயத்தில் மண்ணைப் பூசிவிடாதீர்கள். இந்தச் சிறு நாய்க்கோ வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முன்பே செய்தாகிவிட்டது.

அன்றே நான் தகப்பனாரிடம் முதலில் சொன்னதைத் திருத்திச் சொன்னேன். அவசரத்தில் பாதி மஸ்அலாவைச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆலிமுக்கு இது வெட்கமான காரியம்தான். அவருக்கு ஊருக்குப் பக்கத்திலேயே தென்னந்தோப்பு இருக்கிறது. இரவில் தேங்காய் களவு போகிறது என்று பல நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். தோப்பில் பழைய காவல் குடிசை ஒன்றும் உண்டு. இந்த நாய் திருடனை விரட்டாது. ஆனால் ஓர் ஓலை விழுந்தாலும் ஊரைக் கூட்டும் குரைப்பு அதற்கு இருக்கிறது. பயிர்க் காவலுக்கு நபிமொழியிலேயே அனுமதி இருக்கிறது. இதைச் சட்டத்தை ஏமாற்றும் தந்திரமாக நான் சொல்லவில்லை. தோப்பு இல்லாத வீட்டுக்காரர், காப்பகத்திலேயே ஒரு நாயின் மருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். நாயை விற்பதும் வாங்குவதும் நம் மத்ஹபில் செல்லாது. காப்பகத்தில் விலை எதுவும் கேட்பதில்லை. பராமரிப்புக்கு நாம் கொடுப்பது நாயின் விலையாக ஆகாது. இது என் சிற்றறிவுக்கு எட்டிய அளவு. மூத்த ஆலிம்கள் வேறு விதமாகக் கருதினால் எழுதுங்கள், அடுத்த இதழில் அப்படியே வெளியிடச் சொல்கிறேன்.

சுத்தத்தைப் பற்றிப் பெண்கள் பலர் கேட்டனுப்பியதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயும் நம் கையும் இரண்டும் உலர்ந்திருந்தால் தொட்டதனால் கை நஜீஸாகாது. ஈரம் பட்டால், ஷாபிஈ மத்ஹபில் அந்த இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும். ஹனபீகளிடம் எச்சில்தான் நஜீஸ், மூன்று தடவை போதும். மாலிகீகளிடம் நாய் சுத்தமான பிராணியே. காது மருந்து விடப் போகும்போது அதற்கென்று ஒரு பழைய உடுப்பை வைத்துக்கொண்டால் தொழுகைக்குச் சிரமமில்லை. அந்தப் பெண் அப்படித்தான் செய்கிறாள். காலையும் மாலையும் காதைத் துடைத்து மருந்து விடுவது அவள் பொறுப்பு. மாதம் ஒரு தடவை கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்பதை உடம்பு தேறிய பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கல்லூரியில் பரீட்சை நடக்கும் நாட்களில் மருந்து விடுவது தகப்பனாரின் வேலையாகிவிட்டது. சென்ற வாரம் பஜ்ருக்கு முன் அவர் பள்ளிவாசல் ஹவுளருகே என்னைத் தனியாக அழைத்தார். முந்தின நாள் மருந்து விட்டு முடித்ததும், அது அவர் கைலியின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டதாம். எழுப்ப மனமில்லாமல் இஷா பாங்கு வரை உட்கார்ந்திருந்தாராம். எச்சில் பட்ட அந்தக் கைலியை எப்படிக் கழுவுவது என்று கேட்டார். ஏழு தடவை, ஒன்று மண்ணோடு என்றேன். சரி என்று போய்விட்டார்.