பனிமனிதரின் பேழை

இத்தாலியின் வடபகுதியிலுள்ள போல்சானோ நகர அருங்காட்சியகத்தில், இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேலான மனிதர் ஒருவர் கிடத்தப்பட்டிருக்கிறார். 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட அவருக்கு ‘ஓட்சி’ எனப் பெயரிட்டனர். 1998 முதல் குளிரறையே அவரது இல்லம். அங்கு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 6 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் ஏறத்தாழ 99 விழுக்காடு. மலைப்பனி தானே செய்துவந்த பணியை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. ஈரம் குறைந்தால் உடல் உலர்ந்து எடையிழக்கும். ஆகவே அவ்வப்போது தூய நீரைத் தெளித்து, அவர்மேல் மெல்லிய பனிப்போர்வை படியச் செய்கின்றனர். இயந்திரம் பழுதானால் மாற்றிக் கிடத்த மற்றோர் அறையும் ஆயத்தமாக உள்ளது.

இத்துணைப் பராமரிப்பும் மரியாதையா, வெறும் ஆவலா? இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்று மறைக்கல்வியில் கற்றவர்கள் நாம். இவருக்கோ அடக்கம் இல்லை. அவரது இசைவைக் கேட்கவும் வழியில்லை. எனினும், அவரது இடத்தோளில் அம்புமுனை இருந்தது 2001-இல்தான் தெரியவந்தது. கண்டெடுத்த உடனே புதைத்திருந்தால், அவர் கொலையுண்ட செய்தியும் அவரோடு புதைந்திருக்கும்.

கோவாவில் புனித சவேரியாரின் உடலைக் காண வரிசையில் நிற்கும் நாம் பிறரை எளிதில் குறைகூற இயலாது. ஆனால் அங்கே செல்வோர் செபிக்கின்றனர், இங்கே பார்க்கின்றனர். அந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. ஓட்சியைக் காண்பதற்கு இருப்பது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் சதுரமுள்ள சாளரம் மட்டுமே. கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்க அதில் இடமில்லை. அந்த அளவுக்கேனும் அவரைத் தனிமையில் விட்டிருக்கிறார்கள்.