திருத்தும் கை

பிழையெனக் கண்டதைத் திருத்துவது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், திருத்தும் கை எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லித்தருவார் யார்? மணவாள நகரில் என் அண்டை வீட்டில் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சி இவ்வினாவை என்னுள் எழுப்பிற்று.

அவ்வீட்டுப் பெரியவர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் உருவான இடம் அது. திருவள்ளூர் நிலையத்தில் நாள்தோறும் காலை ரயிலேறிச் சென்று, இரும்பையும் எஃகையும் அளந்து அளந்தே ஆயுளைக் கழித்தவர். அரை மில்லிமீட்டர் பிசகையும் பொறாத கண் அவருடையது.

அண்மையில், அலமாரியைத் துடைக்கையில், பழைய பொம்மை டாங்கி ஒன்று அவர் கைக்குச் சிக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பிளாஸ்டிக் தொகுப்பு. பத்து வயதுச் சிறுவனாயிருந்த மகன் அதைப் பசை தடவி ஒட்டியிருந்தான். அந்த மகன் இன்று குடும்பத்தோடு அயல்நாட்டில் வாழ்கிறான். பொம்மையோ, 1965, 1971 போர்களில் நம் படையினர் செலுத்திய பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கியின் உருவம். உண்மையில் 35இல் ஒரு பங்கு.

பெரியவர் காலிப்பரை எடுத்தார். உண்மை வண்டியின் அகலம் 3.39 மீட்டர். 35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 97 மில்லிமீட்டர் வர வேண்டும். இதில் 95தான் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்போம். உண்மை வண்டியில் அது ஏழு சென்டிமீட்டர் அன்றோ! பிற்காலச் செஞ்சூரியனின் பீரங்கி 105 மில்லிமீட்டர். ஆகவே குழல் வாயின் துளை சரியாக மூன்று மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இதிலோ குழல் முனை அடைபட்டிருந்தது. மணல் அச்சில் வார்த்த சுழல்கூண்டு சொரசொரப்பாயிருக்க வேண்டியது, கண்ணாடிபோல் வழுவழுத்தது. அடித்தட்டிலோ, எந்த டாங்கியிலும் இல்லாத பெரிய ஓட்டைகள்.

ஒரு மாத காலம் உழைத்தார். அடிக்கூட்டை நடுவே அறுத்து இரண்டு மில்லிமீட்டர்த் தகட்டைச் செருகினார். குழலைத் துளைத்தார். பட்டியைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் கூண்டின் மேல் ஒற்றி ஒற்றிச் சொரசொரப்பை உண்டாக்கினார். ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். பக்கத் தகடுகளுக்குப் பின்னே ஒருவர் கண்ணுக்கும் படாத இடத்தையும் அவர் விடவில்லை. "யாரும் பார்க்காத இடத்தில் ஏன் ஐயா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமே!" என்றார். அந்த விடை என்னைத் தலைவணங்கச் செய்தது. பிறர் காணாவிடத்தும் காக்கப்படுவதே நேர்மை.

ஒரு ஞாயிறு மாலை, கைப்பேசியில் மகனுக்கு அதைக் காட்டினார். மகன் வியந்தான், பிறகு தயங்கிக் கேட்டான்: "அடியிலிருந்த ஓட்டைகளை அடைத்துவிட்டீர்களா, அப்பா? அது வழியாகத்தானே பேட்டரி போடுவோம். திண்ணையில் ஓடுமே, நினைவில்லையா?"

பெரியவர் பேசவில்லை.

அந்த ஓட்டைகள் அறியாமையால் நேர்ந்த பிழைகள் அல்ல. அக்காலத்துத் தொகுப்புகள் பலவும் மோட்டாரால் ஓடுவதற்கென்றே வடிக்கப்பட்டவை. 35இல் ஒரு பங்கு என்ற அளவே, 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான தமியா, மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கும்படி ஒரு பாந்தர் டாங்கியை வடித்ததிலிருந்து வந்தது. ஒரு சிறுவனின் மகிழ்ச்சிக்கு இடம் விட்டதே அந்த ஓட்டை. ஒன்றைப் பிழையென்று தீர்ப்பிடுமுன், அது எதற்காக அவ்வாறு அமைந்தது என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். பழையோர் செய்தவற்றை இகழ்ந்து திருத்த முனையும் நாம், பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பதேயில்லை. பிள்ளைகளைத் திருத்தும்போதும் அப்படித்தான்.

அவ்வாறாயின், அளவின் துல்லியம் வீணா? அன்று. 1971 டிசம்பர் 16ஆம் நாள் பசந்தர் போரில், இருபத்தொரு வயதான அருண் கேத்தர்பால் தீப்பற்றிய செஞ்சூரியனை விட்டு இறங்க மறுத்து உயிர் நீத்தார். மறைவுக்குப்பின் பரம் வீர் சக்ரா விருது பெற்றார். மனிதர் உள்ளிருந்து வெந்த ஒரு பொருளை ஏனோதானோவென்று சமைப்பது, அவர்களை ஏனோதானோவென்று நினைப்பதாகும். ஆயினும், 97 மில்லிமீட்டர் என்னும் எண் அந்த வெப்பத்தைச் சொல்லாது. எதிர்ப்புறத்து டாங்கியினுள் மாண்டவனுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்பதையும் சொல்லாது. அளவு உண்மையின் வாசற்படி, வாசற்படியே வீடாகிவிடாது.

பெரியவர் திருத்தியது டாங்கிக்குச் செய்த நேர்மை. அதே கையால், திண்ணையில் ஓடிய ஒரு பிள்ளைப் பருவத்தையும் சற்றே தேய்த்துவிட்டார். இரண்டும் உண்மைகளே. ஒன்றுக்கு உண்மையாயிருப்பது மற்றொன்றுக்கு ஊறு செய்யும் வேளைகள் உண்டென்பதை ஏற்பதே மனச்சான்றின் முதிர்ச்சி என எண்ணுகிறேன்.

மறுநாள் நான் சென்றபோது, வேலை ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. கூண்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில், உறைந்த பசையில், ஒரு சிறுவனின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. உப்புத்தாள் மேசைமேல்தான் கிடந்தது.

"இதை விட்டுவிட்டேன்" என்றார். கூண்டை ஒட்டாமல், எடுத்துப் பார்க்கும்படி மேலே மெல்லப் பொருத்தி வைத்தார்.